கைதட்டல் இல்லாத கச்சேரி
பாட்டு வளர்ந்த அறைகள் – 14

சென்ற வாரம் தஞ்சை அரண்மனையில் நின்றோம். சகஜி மன்னரின் ‘பல்லகி சேவா பிரபந்தம்’ போல, பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் நாடகங்கள் அங்கே பிறந்ததைப் பார்த்தோம். ஐரோப்பாவின் ஆப்பராவும் அரண்மனைப் பிள்ளைதான். 1607இல் மாந்தெவெர்தியின் ‘ஓர்ஃபியோ’ முதன்முதலாக அரங்கேறியது மாந்துவா அரண்மனையின் ஓர் அறையில், அழைக்கப்பட்ட சிலருக்கு முன்னால். முப்பது ஆண்டு கழித்து, 1637இல், காசு கொடுத்தால் எவரும் உள்ளே வரலாம் என்று வெனிஸில் ஓர் அரங்கம் திறந்தது. அதன்பிறகு அரங்குகள் பெருத்தன, வாத்தியங்கள் கூடின, குரலும் அதற்கேற்ப வலுக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் கேட்க முடிந்ததே, அது பெரிய காரியம். ஆனால் அந்த முதல் அறையின் நெருக்கம் திரும்பவே இல்லை.

அந்த நெருக்கம் இன்னும் மிச்சமிருக்கும் ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வழியில் பழவங்காடி. சிதறு தேங்காய் ஓயாமல் உடைந்துகொண்டிருக்கும் பிள்ளையார் கோயில். ஒருகாலத்தில் திருவிதாங்கூர் நாயர் படை வணங்கிய பிள்ளையார். இன்றும் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம்தான். அங்கிருந்து சாலையைக் கடந்து கிழக்கேகோட்டை வாசலுக்குள் நுழைந்தால் பத்மதீர்த்தக் குளம். அதன் கரையில், இரண்டு ஆட்டுக்கிடாக்கள் மணிக்கொரு தரம் ஒரு தாடிக்காரரின் கன்னத்தில் முட்டும் மேத்தன் மணி என்ற கடிகாரம். அதையடுத்து, இறவாரத்தின் கீழே 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கும் குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. 1846இல் முப்பத்துமூன்று வயதில் அவர் மறைந்த பின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஜனவரியில் இந்த மாளிகையின் முற்றத்தில் சுவாதி சங்கீதோத்சவம் நடக்கும். திறந்த வெளி, குளிர்ந்த காற்று, சுவாதித் திருநாளின் உருப்படிகள் மட்டும். அதுவும் அருமையான அனுபவந்தான். ஆனால் நான் சொல்ல வந்தது இந்த வளாகத்தை ஒட்டியிருக்கும் நவராத்திரி மண்டபத்தைப் பற்றி.

அந்த மண்டபத்துக் கச்சேரியின் பயணம் தமிழ்நாட்டில் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டில் இருக்கும் சரஸ்வதி, கம்பர் வணங்கிய விக்கிரகம் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. பின்னால் நவராத்திரி பூஜையும் மாறியது. ஆனால் தேவியின் வீடு மாறவில்லை. அதனால் ஆண்டுதோறும் சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் கூட வருகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. 1956இல் மாநில எல்லை வந்த பிறகு, களியக்காவிளையில் கேரளக் காவல்துறை வரவேற்கிறது. திருவனந்தபுரம் சேர்ந்ததும் முருகன் ஆரியசாலைக்கும் நங்கை செந்திட்டைக்கும் போய்விட, சரஸ்வதி கோட்டைக்குள் வந்து நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். அவள் கேட்பதற்காகத்தான் கச்சேரி. நாமெல்லாம் கூட உட்கார்ந்து கேட்க அனுமதி பெற்றவர்கள்.

இதை நான் பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. இங்கே கேட்கும் சங்கீதத்தின் குணமே இதிலிருந்துதான் வருகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். ஆண்கள் வேட்டியில்தான் வரவேண்டும். முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவார்கள். பிறகு அன்றைய வித்துவான். என்ன பாடுவது என்பதில் முக்கியமான தேர்வை அவருக்கு விடாமல் சுவாதித் திருநாளே முடித்து வைத்திருக்கிறார். ஒன்பது இரவுக்கு ஒன்பது கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. அன்றைய ராகத்தை விரிவாக ஆலாபனை செய்து, தானம் பாடி, அதன்பின் கீர்த்தனை. தானத்துக்கு மிருதங்கமும் கூடவே வாசிக்கும். சென்னை சபாக்களில் தானம் என்றால் மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே வழக்கம். தாளக்கட்டு இல்லாத தானத்தின் நடையை மிருதங்கம் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்வதை இங்கேதான் நான் முதலில் கேட்டேன். ஆவர்த்தனக் கணக்கு எதுவும் துணைக்கு இல்லை. பாடுபவரின் அடுத்த அசைவை மிருதங்கக்காரர் முன்கூட்டியே உணர வேண்டும். இருவரும் ஒரே மூச்சில் போவார்கள். சிறிய மண்டபம் என்பதால் அந்த மூச்சே நமக்குக் கேட்கும்.

ஒன்பதில் என் மனம் போவது ஏழாம் நாளுக்கு. தோடியும் பைரவியும் கடல். எவ்வளவு நேரம் பாடினாலும் இடம் இருக்கும். சுத்தசாவேரிக்கு ஐந்தே சுரம். காந்தாரமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. அதை வைத்து நீண்ட ஆலாபனையும் தானமும் என்றால், சொன்னதையே சொல்லாமல் நகர்த்துவதற்கு உண்மையான கற்பனை வேண்டும். நல்ல வித்துவான் அகப்பட்டால் அன்றைக்கு நாம் பாக்கியசாலிகள். ரிஷபத்தில் நின்று, தைவதத்தில் நின்று, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நிறுத்தி அதன் ஒளியைக் காட்டுவார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இந்த மண்டபத்தில் ஒலியைச் சீராக்க விதானத்திலிருந்து பெரிய மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். எதிரொலி முட்டிக் குழம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பாட்டு கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும், ஆனால் பாடுபவர் கத்தக் கூடாது என்று யோசித்துச் செய்த வேலை அது. ராகத்தின் மெல்லிய கமகங்களுக்கு இப்படிப்பட்ட அறைதான் வீடு.

இங்கே யாரும் கைதட்டுவதில்லை. ஆலாபனை முடிகிறது, வயலின் வித்துவான் எடுத்துக்கொள்கிறார், அவரும் முடிக்கிறார், தானம் தொடங்குகிறது. இடையில் ஒரு ஓசையும் இல்லை. முதல் முறை போகிறவர்களுக்குக் கொஞ்சம் அந்தரமாகக்கூட இருக்கும். ஆனால் கேட்கக் கேட்க ஒன்று புரியும். சபாவில் கைதட்டல் ஒரு பாராட்டாக மட்டும் நிற்பதில்லை. பாட்டின் போக்கையே அது வளைக்கிறது. எந்த இடத்தில் கரகோஷம் எழும் என்று தெரிந்தால் குரல் அந்த இடத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கோர்வையும் ஒரு வெற்றிக்கொடியாக முடிய வேண்டியிருக்கும். அந்த எதிர்பார்ப்பை எடுத்துவிட்டால், முடிவை நிதானமாக இறக்கி வைக்கலாம். மற்ற மேடைகளில் வேகத்தால் வியக்க வைக்கும் பாடகர்கள் இங்கே விளம்பத்தில் நின்று பாடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு அதுதான் என்பது என் திடமான எண்ணம்.

இந்தக் கீர்த்தனைகளைத் தந்த சுவாதித் திருநாளின் அவையே, சென்ற வாரம் பார்த்த தஞ்சையோடு பின்னிக் கிடந்தது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு இங்கே வந்து, 1834இல் அரசரிடம் தந்த வயலின் பரிசு பெற்றார். கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற மேருசுவாமியும் தஞ்சையிலிருந்து வந்தவர்தான். அவருக்காக அரசர் இயற்றிய ‘குசேலோபாக்யானம்’, ‘அஜாமிளோபாக்யானம்’ இரண்டும் பாட்டால் கதை சொல்பவை. ஆப்பராவைத் தேடி இந்தக் கோட்டைக்குள் வருகிறவர்கள் முதலில் தொட வேண்டியவை அவை. சுவாதித் திருநாளின் உருப்படிகளைத் தேடித் திரட்டி மேடைக்குக் கொண்டு வந்ததில் முத்தையா பாகவதருக்கும் செம்மங்குடி சீனிவாசய்யருக்கும் நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மண்டபத்தின் வரலாற்றில் வலிக்கும் ஒரு பக்கமும் உண்டு. கேட்பவள் கலைமகள், பாடப்படுபவளும் தேவி. பாட மட்டும் தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கே இடம். 1939இல் தொடங்கிய திருவனந்தபுரத்துச் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் மாணவி பாறசாலை பி. பொன்னம்மாள். அதே கல்லூரியில் முதல் ஆசிரியை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வரும் அவரே. இந்த நவராத்திரிக் கீர்த்தனைகளைத் தன் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், அவற்றை அவற்றின் சொந்த இடத்தில் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் கதவைத் திறக்க அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் ராம வர்மா எடுத்த முயற்சியை மறக்கக் கூடாது.

அன்று பொன்னம்மாள் பாடிய விதத்தில் அலங்காரம் கிடையாது. தீட்சிதர் கிருதிகளில் ஊறிய அந்த நிதானமான, கனமான பாணியை அவர் எந்த மேடைக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை. அதன்பிறகுதான் வெளியூர் ரசிகர்கள் அவரைத் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள். 2021 ஜூனில் அவர் மறையும்போது வயது தொண்ணூற்றாறு. இப்போது ஒவ்வொரு நவராத்திரியிலும் இங்கே பெண்கள் பாடுகிறார்கள்.

(அடுத்த வாரம்: பத்மநாபபுரம்)