அயலட்டை மாடிப்படியிலிருந்து தொடங்குகின்றது

லா சப்பலில் வாழும் தமிழருக்கு அயலவர் குறைவில்லை என்று தோன்றலாம். காய் வீதி, பெர்தோனே வீதி, ஃபோபூர் சென்-தெனி வீதி ஆகியவற்றில் மரக்கறிக் கடை முதல் நகைக்கடை வரை தமிழ் ஒலிக்கின்றது. எனினும் அக்கடைத்தெருவில் நாம் காண்போரில் பலர் புறநகர்களிலிருந்து தொடருந்தில் வந்து மாலையில் திரும்பிச் செல்பவர்கள். நள்ளிரவில் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஓடிவரக்கூடிய தொலைவில் இருப்பவர் எதிர்க்கதவுக்காரரே. அவர் அல்ஜீரியாவிலிருந்தோ மாலியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பல ஆண்டுகளாக அதே வீட்டில் தனியே வாழும் பிரெஞ்சு மூதாட்டியாகவும் இருக்கலாம். அவருடைய பெயரை நீங்கள் அறிந்திருப்பதும், உங்கள் பெயரை அவர் அறிந்திருப்பதும் இரு வீட்டாருக்கும் பாதுகாப்பாகும். அந்த அறிமுகத்தை எவ்வாறு ஏற்படுத்துவது, எவ்வாறு பேணுவது, பிணக்கு எழுந்தால் எங்கே செல்வது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

யாழ்ப்பாணத்து ஊர்களில் இரு வளவுகளுக்கு இடையே கிடுகு வேலி இருந்தது. அவ்வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. கறிவேப்பிலை கேட்கவும், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கவும், அவசரத்துக்கு ஓடவும் அப்பொட்டே வழியாயிற்று. அயலட்டை என்பது அங்கே பிறப்போடு கிடைத்தது. பாரிசின் தொடர்மாடிகளில் அது தானாகக் கிடைப்பதில்லை. ஒருவர் முன்வந்து தொடங்கினாலன்றி, பத்து ஆண்டுகள் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தும் இரு குடும்பங்கள் அறிமுகமின்றியே இருந்துவிடக்கூடும்.

2003 ஓகஸ்ட் உணர்த்தியது

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் முற்பகுதியில் பிரான்சைக் கடும் வெப்ப அலை தாக்கியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் முதியோர். பாரிசில் துத்தநாகக் கூரைக்கு நேர்கீழே அமைந்த மேல்மாடி அறைகள் இரவிலும் தணியாத வெப்பத்தைத் தேக்கிவைத்தன. விடுமுறைக் காலமாதலால் பல கட்டடங்கள் பாதி வெறிச்சோடிக் கிடந்தன. அவ்வாண்டு செப்டெம்பர் 3ஆம் நாள், உறவினர் எவரும் உரிமை கோராத 57 பேரின் உடல்கள் பாரிசுக்குத் தெற்கேயுள்ள தியே மயானத்தில், குடியரசுத் தலைவர் ஜாக் சிராக், பாரிஸ் நகர முதல்வர் பெர்த்ரான் தெலனோயே ஆகியோர் முன்னிலையில் அடக்கம் செய்யப்பட்டன.

இத்துயரின் விளைவாக 2004ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. பெந்தெகொஸ்தே திங்கட்கிழமையைப் பலர் ஊதியமின்றி உழைக்கும் ‘ஒருமைப்பாட்டு நாள்’ ஆக்கியது அச்சட்டமே. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் செலவிடப்படும் நிதிக்காகவே அவ்வுழைப்பு பெறப்படுகின்றது. தனித்து வாழும் முதியோரின் பதிவேட்டை ஒவ்வொரு நகரசபையும் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் பணிப்பாகும்.

பாரிசில் அப்பதிவேடு ‘ரெஃப்ளெக்ஸ்’ எனப்படுகின்றது. 65 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். கடும் வெப்பம் போன்ற இடர்க்காலங்களில் பதிவுபெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பர். மறுமொழி கிடைக்காவிடின் உதவிக்கு ஏற்பாடு செய்வர். 3975 என்னும் மாநகரசபை எண்ணை அழைத்துப் பதியலாம். உரியவர் மறுப்புத் தெரிவிக்காதவிடத்து உறவினரோ அயலவரோ எழுத்துமூலம் அவருக்காக விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளிக்கின்றது.

இது பிறருடைய முதியோரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. 1983 யூலை வன்செயல்களுக்குப் பின் இலங்கையிலிருந்து ஏராளமான தமிழ் இளைஞர்கள் பாரிசுக்கு வந்தனர். 1985இல் தமது 25ஆம் வயதில் வந்தவர் 2025இல் 65 வயதை எட்டிவிட்டார். பிள்ளைகள் புறநகருக்கோ வேறு நாட்டுக்கோ குடிபெயர்ந்த பின், பிரெஞ்சு மொழி அதிகம் பேசாத தாய் தந்தையர் மேல்மாடியில் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. அவர்களைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தபின், அதே மாடியிலுள்ள ஒருவரிடம் அவர்களை அறிமுகப்படுத்துங்கள். தொலைபேசி அழைப்பு முதலுதவிக்கு ஈடாகாது; கதவைத் தட்டக்கூடியவர் அருகில் இருக்க வேண்டும்.

அறிமுகம் செய்துகொள்ளும் முறை

நம்மவர் பலர் மாடிப்படியில் எதிர்ப்படுவோரைக் கண்டு புன்னகைப்பர், அல்லது மரியாதை கருதித் தலை தாழ்த்தி ஒதுங்கிச் செல்வர். பிரெஞ்சு வழக்கில் இம்மௌனம் அலட்சியமாகக் கொள்ளப்படலாம். ‘போன்ஜூர் மதாம்’, ‘போன்ஜூர் மொசியே’ என்று வாய்திறந்து சொல்வதே எதிர்பார்க்கப்படும் மரியாதை. மின்தூக்கியிலும், முற்றத்திலும், குப்பைத்தொட்டி அருகிலும் இதைத் தவறாது சொல்லுதல் வேண்டும். மொழிப் புலமை இதற்குத் தேவையில்லை.

புதிதாகக் குடிபுகுந்தவர்கள் முதல் வாரத்திலேயே மேலும் கீழும் எதிரிலும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லிக்கொள்ளுதல் நன்று. கடிதப் பெட்டியில் பெயர் தெளிவாக இருக்கட்டும். கட்டடக் காப்பாளர் இருப்பின் அவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவையுங்கள். தண்ணீர்க் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் வடியும்போது முதலில் தேடப்படுவது அந்த எண்ணே.

அறிமுகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. பாரிஸ் 17ஆம் வட்டாரத்தில் தனித்து வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்து, மாதங்கள் கழிந்த பின்னரே அது அயலாருக்குத் தெரியவந்தது. இந்நிகழ்வால் உந்தப்பட்ட அத்தனாஸ் பெரிஃபான் 1999இல் அயலவர் விழாவைத் தொடங்கினார். இன்று அது பிரான்ஸ் முழுவதிலும் பிற நாடுகளிலும் மே மாத இறுதியை ஒட்டிக் கொண்டாடப்படுகின்றது. முற்றத்தில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு வீட்டாரும் ஓர் உணவு கொண்டுவருவதே அதன் முறை. ஒரு தட்டு வடையோ ரோல்ஸோ போதுமானது. காரம் குறைவாக இருப்பதும், இறைச்சி கலந்ததா என்று ஒரு சிறு தாளில் எழுதி வைப்பதும் விரும்பத்தக்கன.

ஓசை, நடைவழி, குப்பை

அயலவரிடையே எழும் மனத்தாங்கல்களிற் பல இம்மூன்றிலிருந்தே பிறக்கின்றன.

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை பிறர் உறக்கத்தைக் குலைக்கும் ஓசை தண்டத்துக்குரியது. காவல்துறையினர் அவ்விடத்திலேயே 68 யூரோ தண்டம் விதிக்கலாம். பகலிலும் ஓசையின் கடுமையோ, நீட்சியோ, மீண்டும் மீண்டும் எழுதலோ அயலவர் அமைதியைக் குலைக்குமாயின் அது குற்றமாகும். மாதத்துக்கு ஒருமுறை விழா நடத்திச் சத்தமிட உரிமை உண்டு என்பது பரவலான தவறான நம்பிக்கை. அத்தகைய உரிமை எதுவும் இல்லை. பிறந்தநாளோ பூப்புனித நீராட்டு விழாவோ வீட்டில் நடைபெறுமாயின், சில நாட்களுக்கு முன்பே நாளையும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதி நுழைவாயிலில் ஒட்டுங்கள். அவ்வறிவித்தல் சட்ட விலக்கு அளிக்காது; ஆயினும் காவல்துறையை அழைக்குமுன் உங்களை அழைக்க அது வழிசெய்யும். பழைய பாரிஸ் கட்டடங்களின் மரத்தளத்தில் கதிரை இழுபடும் ஓசையும் கீழ்வீட்டில் தெளிவாகக் கேட்கும். கதிரைக் கால்களுக்குத் துணிப்பட்டை ஒட்டுவது பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். ஆனால் இங்கே கதவுக்கு வெளியேயுள்ள தளம் அனைவருக்கும் பொதுவானது. காலணி, அரிசி மூட்டை, குழந்தைத் தள்ளுவண்டி ஆகியவை அங்கு இருப்பின், தீ ஏற்படும்போது புகையில் ஓடுவோர் தடுக்கி விழ நேரிடும். வீட்டுக்குள்ளேயே அவற்றுக்கு இடம் ஒதுக்குக. 2015 மார்ச் 8 முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயமாகும். சாம்பிராணிப் புகைக்கு அது ஒலிக்கின்றதென மின்கலத்தைக் கழற்றிவிடாதீர்கள். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களை அடைப்பதும் கூடாது. எரிவாயு அடுப்போ வெப்பமூட்டியோ உள்ள வீட்டில் அது நச்சுவாயுவுக்கு இடமளிக்கும்.

குப்பையைப் பொறுத்தவரை, மஞ்சள் மூடி கடதாசி, அட்டை, பிளாஸ்டிக் மற்றும் உலோகப் பொதிகளுக்கும், வெள்ளை மூடி கண்ணாடிப் போத்தல்களுக்கும், பச்சை மூடி ஏனையவற்றுக்கும் உரியன. பழைய மெத்தை, அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை வீதியோரம் விட்டுச்செல்வோருக்கு 135 யூரோ தண்டம் விதிக்கப்படலாம். 3975 வழியாகவோ மாநகரசபை இணையத்தளத்திலோ நாள் குறித்துக்கொண்டால் அவை கட்டணமின்றி அகற்றப்படும்.

பிணக்கு எழுந்தால்

முதலில் நேரிற் பேசுங்கள். கோபம் தணிந்த மறுநாள் பேசுவது நன்று. பேச்சு பயன் தராவிடின் நாளும் நிகழ்வும் குறித்துக் கடிதம் எழுதி, அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளருக்கும், சமூக வீடுகளில் இருப்போர் வீடமைப்பு நிறுவனத்துக்கும், சொந்த வீடு உடையோர் ‘சந்திக்’ எனப்படும் கட்டட நிர்வாகிக்கும் அறிவிக்கலாம்.

அதன்பின் ‘கொன்சிலியாத்தர் து ஜுஸ்தீஸ்’ எனப்படும் நீதி இணக்கரை அணுகலாம். 1978 முதல் நிலவும் இச்சேவை முற்றிலும் இலவசமானது. 2023 ஒக்டோபர் 1 முதல், அயலவர் தொல்லை பற்றிய வழக்குகளில் நீதிமன்றம் செல்லுமுன் இவ்வகை இணக்க முயற்சி பொதுவாகக் கட்டாயமாகும். சந்திப்புக்கு உங்களுக்கு விருப்பமான ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்லலாம். பிரெஞ்சு அறிந்த பெரியவர் ஒருவரையே அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரின் சண்டையைப் பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பித்தல் அப்பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு. மறுநாள் அதே படிக்கட்டில் அயலவரின் பிள்ளையோடு பள்ளி செல்ல வேண்டியவர் அவரே.

சுவருக்கு அப்பாலிருந்து அடிதடியும் அலறலும் கேட்குமாயின், அது குடும்ப விடயம் என்று ஒதுங்கியிருத்தல் தகாது. உடனடி ஆபத்துக்கு 17ஐ அழையுங்கள். துன்புறும் பெண்களுக்கும் அவர்களுக்கு உதவ விரும்புவோருக்கும் 3919, குழந்தைகள் பற்றிய அச்சத்துக்கு 119 ஆகிய எண்கள் இரவும் பகலும் இலவசமாக இயங்குகின்றன.

கட்டடத்துக்கு அப்பால்

அயலவர் ஒன்றுகூடினால் ஒரு பகுதியின் முகமே மாறும் என்பதற்கு லா சப்பலிலேயே சான்று உண்டு. ஒபெர்வில்லியே வீதியோரம் அமைந்துள்ள ‘எயோல்’ பூங்கா முன்பு தொடருந்துச் சரக்குத் தளமாக இருந்தது. மரங்களற்ற இப்பகுதிக்குப் பசுமை வேண்டும் எனக் குடியிருப்பாளர்கள் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் கோரினர். 2007இல் நான்கு எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் பூங்கா திறக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விளையாடும் அந்நிலம் அயலவர் விடாமுயற்சியின் பயன்.

தமிழரும் இப்பகுதிக்குத் தம் பங்கை அளித்துள்ளனர். 1985இல் நிறுவப்பட்டு இன்று பஜோல் வீதியில் அமைந்துள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழா 1996 முதல் வீதிகளில் நடைபெற்று வருகின்றது; பல நாட்டவரும் கோடை முடிவில் அதைக் காண வருகின்றனர். அந்நாளில் வீதியோரம் நிற்கும் அயலவரை அழைத்து, தேங்காய் உடைப்பதன் பொருளை விளக்கிச் சொல்லுங்கள். நம்மை அறிந்துகொள்ள அவர்களுக்கு அதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

பகுதியின் முடிவுகளில் பங்கேற்கப் பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயமன்று. பகுதி மன்றங்களின் கூட்டங்கள் குடியிருப்பாளர் அனைவருக்கும் உரியவை. 2014இல் தொடங்கப்பட்ட மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், எந்நாட்டவராயினும் பாரிசில் வாழ்வோர் வாக்களிக்கலாம். சங்கம் அமைக்கவும் இரண்டு பேர் போதும். வெளிநாட்டவர் சங்கம் அமைப்பதற்கு 1939 முதல் உள்துறை அமைச்சின் முன்அனுமதி தேவைப்பட்டது. 1981 ஒக்டோபர் 9ஆம் நாளின் சட்டம் அத்தடையை நீக்கியது. அவ்வுரிமை கிடைத்த சில ஆண்டுகளிலேயே தமிழர் பெருமளவில் இங்கு வந்தனர். இன்று வட்டாரந்தோறும் உள்ள சங்க மற்றும் குடிமக்கள் இல்லங்கள் இதற்கு வழிகாட்டுகின்றன. ஊர்ச்சங்கத்தில் உழைக்கும் அதே ஆர்வத்துடன் கட்டடத்தின் வாடகையாளர் சங்கத்திலும் ஒருவர் அமர்வாராயின், மின்தூக்கி பழுதும் ஈரச்சுவரும் விரைவில் கவனிக்கப்பட வாய்ப்புண்டு.

நினைவில் வைக்க வேண்டியவை

மருத்துவ அவசரத்துக்கு 15, காவல்துறைக்கு 17, தீயணைப்புப் படைக்கு 18, எவ்வகை அவசரத்துக்கும் 112. அழைப்பதற்கு வதிவிட அனுமதி தேவையில்லை. உங்கள் முகவரி, மாடி எண், நுழைவாயில் குறியீடு ஆகியவற்றைப் பிரெஞ்சு மொழியில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் அவை நினைவுக்கு வருவதில்லை. அத்தாளிலேயே எதிர்வீட்டாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வரியை நிரப்ப முடியாதவர்கள், இன்று மாலையே சென்று எதிர்க்கதவைத் தட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.