காலைக் கஞ்சியும் ஓட்ஸும்



எங்கள் பாடசாலையில் காலை ஏழரை மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் பிரார்த்தனைக்காக முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். யாழ்ப்பாணத்து வெயில் அந்த நேரத்திலேயே உறைக்கத் தொடங்கிவிடும். அப்படியான ஒரு காலையில், வரிசையின் நடுவே நின்ற சிறுமி ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். அவளை நிழலிலே கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, அவள் கண் விழித்த பின்னர், "காலமை என்ன சாப்பிட்டனி, பிள்ளை?" என்று கேட்டேன். "தேத்தண்ணியும் ரெண்டு விசுக்கோத்தும், சேர்" என்றாள்.

அவளுடைய வீட்டில் வறுமை இல்லை. தாயும் தந்தையும் உத்தியோகம் பார்ப்பவர்கள். அந்த வீட்டிலே குறைவாக இருந்தது நேரம் ஒன்றே. பிட்டு அவிப்பதற்கும் இடியப்பம் பிழிவதற்கும் விடியற்புறத்தில் ஒருவர் அடுப்படியில் நிற்கவேண்டும். அந்த ஒருவர் இன்று பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கின்றார். எனவே, பத்து நிமிடத்தில் ஆக்கக்கூடியதும், மதியம் வரை தாங்கக்கூடியதுமான காலை உணவு எது என்பது பல குடும்பங்களின் கேள்வியாகிவிட்டது. இக்கேள்விக்குக் கடைகள் தரும் விடை ஓட்ஸ் என்பது. அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு சமைப்பது என்பது பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நான் மருத்துவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும், இவ்விடயத்தில் என் உடம்பே எனக்குப் பாடம் கற்பித்தது. எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது, பாணையும் சீனியையும் குறைத்துவிட்டு ஓட்ஸுக்கு மாறினேன். கடையில் அழகான பெட்டி ஒன்றைக் கண்டேன். முகப்பிலே பழங்களின் படம். சுடுநீரை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் தயார் என்ற வாசகம். மூன்று மாதம் நாள் தவறாமல் அதையே உண்டேன். மறுபடி இரத்தத்தைச் சோதித்தபோது சீனி குறையவில்லை, கூடியிருந்தது. வைத்தியர் அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் பின்புறத்தில், சேர்பொருள்களின் வரிசையில், ஓட்ஸுக்கு அடுத்ததாக நின்றது சீனி. பிள்ளைகளுக்கு வாசிப்புப் படிப்பிக்கின்ற நான், ஒரு பெட்டியின் பின்புறத்தை வாசிக்கத் தவறிவிட்டேன்.

ஓட்ஸ் குளிர்நாட்டுத் தானியம். நம் மண்ணில் அது விளைவதில்லை. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சன் 1755 ஆம் ஆண்டில் அதனைக் குதிரைத் தீனியென்றும் ஸ்கொத்லாந்து மக்களின் உணவென்றும் கேலி கலந்து குறித்துவைத்தார். அந்தத் தீனிதான் இன்று வைத்தியர்களின் பரிந்துரையைப் பெற்று நிற்கின்றது.

கடையில் அது மூன்று நான்கு வடிவங்களில் கிடைக்கும். உமி நீக்கிய மணியை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டியது முதலாவது வகை. பார்வைக்குக் குறுணி அரிசியைப் போலிருக்கும்; வேக இருபது முதல் முப்பது நிமிடம் செல்லும். மணியை ஆவியில் அவித்து, உருளையினால் தட்டையாக்கியது இரண்டாவது வகை. இது நமது அவலுக்கு ஒப்பானது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். இன்னும் மெல்லியதாகத் தட்டி, சிறிதாக நறுக்கியது மூன்றாவது வகை. இரண்டு மூன்று நிமிடம் போதும். நான்காவது, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய உடனடி வகை. சீனியும் வாசனையும் பெரும்பாலும் இதிலேதான் சேர்க்கப்படுகின்றன.

தானியம் ஒன்றாயிருக்க வடிவத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். ஓட்ஸில் பீற்றா குளூக்கன் எனப்படும் கரையும் நார்ப்பொருள் உண்டு. நீரிற் சேர்ந்ததும் அது கூழ்போல் வழுவழுப்பாகி, உணவு இரைப்பையை விட்டு நீங்குவதையும், அதன் சீனி இரத்தத்திற் கலப்பதையும் தாமதப்படுத்துகின்றது. பசி மெதுவாக வருவதற்குக் காரணம் இதுவே. அத்தோடு அது குடலில் உள்ள பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகின்றது. ஈரல் புதிதாகப் பித்த அமிலம் செய்வதற்கு இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலைச் செலவிடவேண்டியதாகின்றது. மணி எவ்வளவுக்கு நொறுக்கப்படுகின்றதோ, அவ்வளவுக்கு விரைவாகச் செரிக்கும். இரத்தச் சீனியும் அவ்வளவு விரைவாக ஏறும். ஆகவே, நேரமும் நலமும் ஒருங்கே வேண்டுவோருக்குத் தட்டையாக்கிய இரண்டாவது வகையே ஏற்றது.

ஆனால் அளவை மறக்கலாகாது. கொலஸ்திரோலைக் குறைப்பதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா குளூக்கன் தேவை என்பதை ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 1997 இல் ஏற்றுக்கொண்டது. ஒரு வேளைக்குரிய 40 கிராம் ஓட்ஸில், அதாவது ஏறக்குறைய அரைக் கோப்பையில், இதன் பாதியளவே உண்டு. காலையில் ஓட்ஸ் உண்டோம் என்ற துணிவில் மாலையில் வடையையும் பலகாரத்தையும் ஒரு கை பார்ப்பவருக்கு எந்தத் தானியமும் துணை வராது.

பெட்டியை வாங்கும்போது பின்புறத்தை வாசியுங்கள். சேர்பொருள்களில் ஓட்ஸ் என்ற ஒரே சொல் இருந்தால் போதும். நமது நாட்டில் பொதியுணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவை உணர்த்தச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடப்படுகின்றன. சீனிக்கு எதிரே சிவப்பைக் கண்டால், முகப்பில் என்ன படம் இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

இனிச் சமையல். அரைக் கோப்பை ஓட்ஸை எண்ணெயில்லாத தாச்சியில் வாசம் வரும்வரை மெல்லிய நெருப்பில் வறுத்தால் பிசுபிசுப்புக் குறையும். ஒன்றேகால் கோப்பை நீரைக் கொதிக்கவைத்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, ஓட்ஸைச் சொரிந்து, ஐந்து நிமிடம் துழாவுங்கள். இறக்கியபின் சிறிது பாலும், இனிப்புக்காகப் பாதி இதரை வாழைப்பழமும் சேர்க்கலாம். சீனி வேண்டியதில்லை. நம் நாவுக்கு உறைப்பே உகந்ததென்றால், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு பிடி முருங்கையிலை ஆகியவற்றை நீருடன் கொதிக்கவிட்டுப் பின்னர் ஓட்ஸைச் சேருங்கள். இறக்கித் தேசிக்காய்ப்புளி விடுங்கள். அவித்த பயறு இரண்டு கரண்டி சேர்ந்தால் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதமும் கூடும். இரவிலே பாலில் ஊறவைக்கும் பழக்கம் இப்போது பரவுகின்றது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதனைச் செய்யாதீர்கள். நமது வெக்கையில் பால் விடியுமுன் கெட்டுவிடும். ஓட்ஸில் இயற்கையான கொழுப்பு உண்டாதலால், திறந்து வைத்தால் சிக்கு வாடை பிடிக்கும், வண்டும் விழும். இறுக மூடிய போத்தலிலே வையுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. ஓட்ஸை நாம் புதுமையாக எண்ணுகின்றோம். தானியத்தை நீரிலே காய்ச்சிக் குடிப்பது நமக்குப் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்குப் பொருள்கள் வராதிருந்த காலத்தில், குரக்கனும் ஒடியல் மாவும் நம் அடுப்புகளைக் காத்தன. 2022 இன் நெருக்கடியில் பால்மாவும் எரிவாயுவும் அரிதானபோதும் மக்கள் கஞ்சியையே நாடினர். கப்பலில் வரும் உணவு கப்பல் நின்றால் நின்றுவிடும் என்பதை நாம் இருமுறை கண்டவர்கள்.

குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு; ஓட்ஸில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். பீற்றா குளூக்கனில் ஓட்ஸ் முந்தும். எனவே இரண்டும் போட்டிக்குரியவை அல்ல. வறுத்த குரக்கன் மா இரண்டு மேசைக்கரண்டியை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிநீரில் ஊற்றிக் கட்டிபடாமல் ஏழு நிமிடம் துழாவினால் கஞ்சி ஆயத்தம். மொட்டைக்கறுப்பன் போன்ற தவிடு நீக்காத அரிசியையும் பயறையும் இரவே அளந்து நீரில் ஊறவைத்தால், காலையில் வல்லாரை இலைக்கஞ்சி விரைவில் முடிந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இவற்றையும் அளவோடே உண்ணவேண்டும். நைய அரைத்த குரக்கனும் சீனியை விரைந்து ஏற்றவல்லது.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று நாள் வெறும் ஓட்ஸ், இரண்டு நாள் குரக்கன், ஒரு நாள் இலைக்கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் பிட்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுநாளைக்குரியதை அளந்து வைப்பது என் பொறுப்பு. அடுப்படி பெண்களுக்கு மட்டுமே உரியதென்றிருந்த எண்ணத்தைக் கைவிட்ட பின்னரே பத்து நிமிடக் காலை உணவு எங்களுக்குக் கைகூடியது. இரத்தச் சீனியும் இறங்கியிருக்கின்றது, மருந்தையும் நிறுத்தவில்லை.

மயங்கி விழுந்த அந்தச் சிறுமியின் தந்தை சில நாட்களின் பின் என்னைக் காண வந்தார். காலையில் தானே கஞ்சி காய்ச்சுவதாகவும், முதல் நாள் அடிப்பிடித்துவிட்டதாகவும் வெட்கத்தோடு சொன்னார். அடிப்பிடித்த கஞ்சியையும் அவள் முழுவதும் குடித்துவிட்டாளாம். அதன் பின் பிரார்த்தனை வரிசையில் அவள் விழவில்லை. நாளைக் காலை பாடசாலைப் பையை எடுக்குமுன் உங்கள் பிள்ளை என்ன உண்ணப்போகின்றது என்பதை இன்றிரவே எண்ணிப் பாருங்கள்.