திரைக்குப் பின்னால் உழைப்போர்

தொலைக்காட்சியில் ஒரு நாடகம் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் ஒன்று திரையில் விரைந்து ஓடும். நடித்தவர்களின் பெயர்களைப் பலரும் அறிவர். ஒளிப்பதிவு செய்தவர், படத்தைத் தொகுத்தவர், ஒலியைச் சீரமைத்தவர், ஆடைகளை வடிவமைத்தவர், ஒப்பனை செய்தவர் ஆகியோரின் பெயர்களைப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும், இவர்களுள் ஒருவரது பணி குறைப்பட்டாலும் நாடகம் சிறவாது. முன்னே தோன்றுவோரைப் போலவே பின்னே உழைப்போரும் போற்றப்பட வேண்டும் என்னும் எண்ணம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க நாள்களிலேயே அத்துறையினரிடம் இருந்தது. அவ்வெண்ணத்தைத் தாங்கி நிற்பவை எம்மி விருதுகள்.

பெயரும் சிலையும்

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொலைக்காட்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சிறந்த பணிகளுக்கு விருது வழங்க முடிவு செய்த அக்கழகம், விருதுக்குப் பெயர் தேடியது. அக்காலத் தொலைக்காட்சிக் கேமராக்களில் 'இமேஜ் ஆர்த்திகான்' என்னும் படக்குழாய் பொருத்தப்பட்டிருந்தது. பொறியாளர்கள் அதனைச் செல்லமாக 'இம்மி' என்று அழைத்தனர். ஹாரி லுப்கே என்னும் பொறியாளர் அப்பெயரையே விருதுக்கு முன்மொழிந்தார். விருதுச் சிலை பெண் வடிவில் அமைந்தமையால் அப்பெயர் 'எம்மி' எனப் பெண்பாற் பெயராக மாறிற்று. இவ்வாறு, கேமராவின் உள்ளே எவர் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு கருவியின் பெயரே புகழ்பெற்ற விருதின் பெயராயிற்று.

சிலையை வடிவமைத்தவர் லூயிஸ் மெக்மானஸ். அவரும் ஒரு பொறியாளரே. தம் மனைவியை முன்மாதிரியாகக் கொண்டு அவர் அவ்வடிவை உருவாக்கினார். சிறகுடைய பெண் ஒருத்தி அணுவின் உருவை உயர்த்திப் பிடித்திருப்பதாக அச்சிலை அமைந்துள்ளது. சிறகு கலையைக் குறிக்கும். அணு அறிவியலைக் குறிக்கும். கலையும் அறிவியலும் இணைந்ததே தொலைக்காட்சி என்பது அதன் பொருள்.

முதல் விருது விழா 1949ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் நடைபெற்றது. அன்று வழங்கப்பட்ட விருதுகள் ஆறு மட்டுமே. பொம்மையைப் பேசவைக்கும் கலையில் வல்லவரான ஷெர்லி டின்ஸ்டேல் என்னும் பெண்மணி சிறந்த தொலைக்காட்சிக் கலைஞராகத் தேர்வு பெற்றார். அவ்வாறு விருதுகளுள் ஒன்று தொழில்நுட்பச் சாதனைக்கு உரியதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இருவகைச் சிறப்பு

இன்று திரைக்குப் பின்னால் உழைப்போர்க்கு இருவகை விருதுகள் வழங்கப்படுகின்றன. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, ஒலிக்கலவை, ஆடை வடிவமைப்பு, ஒப்பனை, சிகை அலங்காரம், சண்டைப் பயிற்சி போன்றவற்றுக்கு உரியவை படைப்புக்கலை விருதுகள். விருதுகளின் எண்ணிக்கை மிகுதியாக இருப்பதால், முதன்மை விழாவுக்குச் சில நாள்கள் முன்னரே இவற்றுக்கெனத் தனி விழா எடுக்கப்படுகிறது. ஒரு துறையில் பணியாற்றும் கழக உறுப்பினர்களே அத்துறைக்குரிய விருதாளரைத் தேர்ந்தெடுப்பர். ஒரு தையலின் நுட்பத்தை மற்றொரு தையற்கலைஞரே நன்கு உணர்வார் அன்றோ!

மற்றொரு வகை பொறியியல் விருதுகள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தல், அனுப்புதல், பெறுதல் ஆகியவற்றில் பெரும் மாற்றத்தை விளைவித்த கண்டுபிடிப்புகளுக்கே இவை உரியன. வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்து, தகுதியுடைய மனிதருக்கோ நிறுவனத்துக்கோ இவ்விருதை வழங்கும்.

நேரத்தை வென்ற நாடா

அமெரிக்கா பரந்த நாடு. நியூயார்க்கில் இரவு ஏழு மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சலிஸில் மாலை நான்கு மணிதான் ஆகும். நியூயார்க்கின் இரவுச் செய்தியை மேற்குக் கரை மக்களும் தம் இரவு நேரத்தில் காண வேண்டுமாயின், அதனை மூன்று மணி நேரம் சேமித்து வைக்க வேண்டும். இதற்காகத் தொலைக்காட்சித் திரையையே திரைப்படக் கேமராவால் படம் பிடித்து, படச்சுருளை அவசரமாகக் கழுவி ஒளிபரப்பினர். படமோ மங்கலாகத் தெரிந்தது.

கலிபோர்னியாவில் இருந்த ஆம்பெக்ஸ் நிறுவனத்தில், சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான சிறு குழு இதற்குத் தீர்வு கண்டது. படத்தைக் காந்த நாடாவில் பதிய, நாடா மிக விரைவாக ஓட வேண்டியிருந்தது. நாடாவை விரைந்து ஓட்டுவதற்கு மாறாக, பதியும் முனைகளையே விரைந்து சுழலச் செய்தனர் அக்குழுவினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், சி.பி.எஸ். நிறுவனம் அந்நாடாவில் பதிந்த செய்தியை மேற்குக் கரை மக்களுக்கு ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டே இச்சாதனைக்கு எம்மி விருது கிட்டியது. பின்னாளில் ஒலித்துறையில் பெரும்புகழ் பெற்ற ரே டால்பி அக்குழுவில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர்.

கேளாதோர்க்குக் கிடைத்த குரல்

தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்த பின்னரும், செவித்திறன் அற்றோர்க்கு அது பேசாப் படமாகவே இருந்தது. வீட்டார் அனைவரும் சிரிக்கும்போது, எதற்காகச் சிரிக்கின்றனர் என அறியாமல் அவர்கள் தனித்திருந்தனர்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்க அரசின் தேசியத் தரநிலைப் பணியகம் துல்லியமான நேரத்தைத் தொலைக்காட்சி அலையின் வழியே நாடெங்கும் அனுப்ப முயன்றது. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் மிகச் சிறு இடைவெளியில், திரையில் தோன்றாத சில கோடுகள் வெறுமையாக இருந்தன. அவற்றுள் நேரக் குறிப்பை மறைத்து அனுப்பலாம் என்பது திட்டம். அது வெற்றி பெறவில்லை. ஆனால், உடன் உழைத்த ஏ.பி.சி. நிறுவனத்தார், நேரத்துக்கு மாற்றாகப் பேச்சின் எழுத்து வடிவத்தை அனுப்பலாமே எனக் கருதினர். பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.எஸ். அதனை மேலும் வளர்த்தது. 1980ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல், விரும்புவோர் திரையில் மட்டும் தோன்றும் வசன வரிகள் முறையாக ஒளிபரப்பாயின. பணியகம், ஏ.பி.சி., பி.பி.எஸ். ஆகிய மூன்றும் அவ்வாண்டில் எம்மி விருதைப் பகிர்ந்துகொண்டன.

தொடக்கத்தில் அவ்வரிகளைக் காணத் தனிக்கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 1993 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுடைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அவ்வசதி உள்ளேயே அமைக்கப்பட்டது. கேளாதோர்க்கென உருவான வசன வரிகள், இன்று வேற்றுமொழி கற்போர்க்கும் பெருந்துணையாக விளங்குகின்றன.

இந்தியாவும் எம்மியும்

அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் நிகழ்ச்சிகளுக்கெனப் பன்னாட்டு எம்மி விருதுகள் தனியே வழங்கப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு 'டெல்லி கிரைம்' என்னும் இந்தியத் தொடர், சிறந்த நாடகத் தொடருக்கான பன்னாட்டு எம்மி விருதைப் பெற்றது. இப்பிரிவில் இந்தியத் தொடர் ஒன்று விருது பெற்றது அதுவே முதன்முறை.

அறியப்படாத ஆசான்

பொறியியல் விருதுகளுள் ஒன்று ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்பவரின் பெயரால் வழங்கப்படுகிறது. உழவர் குடும்பத்துச் சிறுவரான அவர், பதினான்கு வயதிலேயே மின்னணுத் தொலைக்காட்சியைக் கற்பனை செய்தார். 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தம் இருபத்தோராம் வயதில், ஒரு நேர்கோட்டின் படத்தை மின்னணு முறையில் அனுப்பிக் காட்டினார். 1957இல் அவர் ஒரு தொலைக்காட்சிப் புதிர் நிகழ்ச்சியில் பங்கேற்றார். எதிரே அமர்ந்திருந்தவர்கள் பல வினாக்கள் எழுப்பியும், அவர் செய்த சாதனை யாதெனக் கண்டறிய இயலவில்லை. அவர் கண்டுபிடித்த கருவியின் வழியே நாடே அவரைப் பார்த்தது; அவ்வரங்கில் இருந்தோரோ அவரை அறிந்திருக்கவில்லை!

விருது பெறுவதால் கண்டுபிடிப்பின் பயன் கூடுவதில்லை. எனினும், உழைத்தவர் இன்னார் என்பதை உலகம் அறிந்துகொள்கிறது. நாடகம் முடிந்தபின் ஓடும் பெயர்களை ஒருமுறை நின்று படிப்பதும் அவ்வுழைப்பாளர்களுக்குச் செய்யும் சிறப்பே ஆகும்.

சிந்தித்து விடை எழுதுக

1. எம்மி விருதுக்கு அப்பெயர் எவ்வாறு அமைந்தது?
2. வீடியோ நாடா தோன்றுவதற்கு முன் மேற்குக் கரைக்குச் செய்தி ஒளிபரப்புவதில் இருந்த இடர் யாது?
3. வெற்றி பெறாத ஒரு திட்டம் கேளாதோர்க்கு எவ்வாறு பயன்பட்டது?
4. நீ விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றின் பெயர்ப்பட்டியலைப் படித்து, அதில் இடம்பெறும் ஐந்து பணிகளைத் தமிழில் எழுதுக.