திருவிளக்கின் முன் யார் பூசகர்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் 1894இல் நிறுவப்பட்ட பௌத்த மகா விகாரையும் உண்டு. இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் உண்டு. பெண்களையும் சடங்கையும் ஆராயும் மாணவி ஒருவர் சன்னிதியை மட்டும் பார்த்தால், இங்கே ஆண் அர்ச்சகர், அங்கே ஆண் துறவி என்று எழுதி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். கோயிலில் நடக்கும் திருவிளக்கு பூஜையில் ஒவ்வொரு பெண்ணும் தன் குத்துவிளக்குக்குப் பொட்டிட்டு, வாழையிலை விரித்து, ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு சிட்டிகை குங்குமமாகத் தானே அர்ச்சிக்கிறார். அந்த நேரத்தில் அவர்தான் பூசகர். விகாரையில் பிக்குகளுக்கான தானமும் பெண்கள் கைபடாமல் நிறைவேறுவது அரிது.

உழைப்பு மட்டும் பெண்ணுக்கு, அதிகாரம் ஆணுக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விளக்கு பூஜையைக் காட்டிக் கருவறைக் கதவைச் சாத்திவைக்க முடியாது. மரபு இடம் தராது என்பாரும் உண்டு. ஆனால் மரபே மாறி வந்திருக்கிறது. சங்கமித்தை என்ற பெண் துறவி இலங்கையில் தொடங்கிய பிக்குணி சங்கம் 11ஆம் நூற்றாண்டளவில் மறைந்தது. 1998இல் அங்கே தம்புள்ளையில் பெண்கள் மீண்டும் உபசம்பதை என்னும் முழுத் துறவு தீட்சை பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2023இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். அங்கே மேல்மருவத்தூர்க் கோயிலிலோ கருவறைக்குள் பெண்களே பூசை செய்கிறார்கள்.