பொனற்றைத் திறந்து பார்க்கும் பொழுதுபோக்கு

பொழுதுபோக்கு என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன பூந்தோட்டம், தையல், பின்னல் வேலை, சமையற் குறிப்புகள் சேர்த்தல் போன்றவைதான். எனது பொழுதுபோக்கு ஒரு பழைய லான்ட்றோவர் ஜீப். காட்டுப் பாதைக்கும் குளக்கட்டுக்கும் ஏற்றவாறு அதை மாற்றியமைப்பதும், அது பழுதாகி நின்றால் ஏன் நின்றதென்று தேடிப் பிடிப்பதுமே பல வருடங்களாக எனது ஞாயிற்றுக்கிழமை வேலை. "பொம்பிளைக்கு ஏன் இந்த ஒயில் வேலை?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுடன் வாதாட நான் இதை எழுதவில்லை. நாமும் ஒருமுறை கை வைத்துப் பார்த்தால் என்ன என்று யோசிக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்த வாகனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடாக இருந்த நாட்களில், 1947இல் மொரிஸ் வில்க்ஸ் என்பவர் அமெரிக்க ஜீப்பைப் பார்த்து விவசாயிகளுக்கென்று திட்டமிட்ட வண்டி இது. 1948இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். உருக்குக் கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். அதனால்தான் எமது நாட்டின் மழைக்கும் கடற்காற்றுக்கும் இன்றுவரை பல வண்டிகளின் மேல்தகடு தாக்குப்பிடிக்கிறது. அடியிலுள்ள சட்டகம் மட்டும் உருக்கு. துரு அங்கேதான் குடியிருக்கும்.

எங்களுடையது 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் வரிசையைச் சேர்ந்த டீசல் வண்டி. அதிலே கணினி இல்லை, மின்னணுப் பெட்டி இல்லை. நட்டும் போல்ட்டும் கழற்றத் தெரிந்தால் எதையும் கழற்றிப் பார்க்கலாம். சாதாரண வேளையில் பின் சில்லுகள் இரண்டும் மட்டுமே இழுக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். சிவப்புத் தடியைப் பின்னுக்கு இழுத்தால் இன்னொரு கியர்த்தொகுதி சேர்ந்து, வண்டி ஆமை வேகத்தில் ஆனை பலத்துடன் நகரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில், கொட்டிலில் கோழி அடைந்து கிடந்த பழைய ஜீப்புகளையெல்லாம் எமது பகுதியில் வெளியே இழுத்துக் கழுவித் துடைத்தார்கள்!

எனக்கு இந்தக் கைப்பழக்கம் வந்தது யாழ்ப்பாணத்தில். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத பொருளாயிற்று. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவில் ஆவியாகாது. ஆகையால் சின்னப் போத்தலொன்றில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் எரியத் தொடங்கும். எங்கள் வீட்டில் அந்தப் போத்தலைப் பிடிக்கும் வேலை என்னுடையது. "காணும், காணும்" என்று அப்பா சொல்லுமட்டும் துளி துளியாக விடுவேன். மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால், ஒயில் குச்சியை அடிக்கடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கவும் அப்பா பழக்கினார். வாகனத்தை மாற்றியமைத்தால் அது வேறெங்கோ ஒரு விலையைக் கேட்கும் என்பதை நான் அறிந்தது அந்த ஒயில் குச்சியில்தான்.

இப்போது ஜீப்பை உயர்த்துவது, பெரிய ரயர் போடுவது, முன்னுக்குக் கம்பிக் காவலும் விளக்கு வரிசையும் பூட்டுவது என்று இளைஞர் மத்தியில் ஒரு மோகம் உண்டு. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியை உயர்த்தினால் அதன் பாரம் மேலே ஏறும், சரிவான குளக்கட்டில் பிரளும் ஆபத்துக் கூடும். கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டின் சாய்வு மாறி, அதன் மூட்டுகள் அதிர்ந்து தேயும். எங்கள் வண்டியை நாங்கள் உயர்த்தவில்லை. வில்லுத் தகடுகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டினோம். அதற்கே இரண்டு வாரம் எடுத்தது. ஆனால் குலுக்கம் பாதியாகக் குறைந்தது.

ரயரை மட்டும் 6.00–16 அளவிலிருந்து 7.50–16 அளவுக்கு மாற்றினோம். சேற்றில் அடிப்பக்கம் தட்டுவது குறைந்தது. அதன் விலை என்ன? சுக்கான் பாரமாயிற்று. மேடு ஏற ஒரு கியர் குறைக்க வேண்டியதாயிற்று. வேகமானி 50 என்று காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 55இல் போகிறோம். இவற்றை அறிந்து ஓட்டினால் குறையில்லை. மன்னார்ப் பக்கத்து மணலிலோ, எந்தப் பெரிய ரயரையும்விடக் காற்றைக் குறைப்பதே கைகொடுக்கும். 18 இறாத்தல் அளவுக்கு இறக்கினால் ரயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். அதற்காகக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று எப்போதும் ஆசனத்தின் அடியில் கிடக்கிறது.

பழுது தேடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பங்கு. எனக்குப் பிடித்ததும் அதுவே. டீசல் எஞ்சின் ஓடுவதற்குச் சுத்தமான டீசல், காற்று, அமுக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஓடாவிட்டால் இம்மூன்றில் ஒன்று இல்லை. புகையும் கதை சொல்லும். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கேற்ற காற்றில்லை, முதலில் காற்றுவடியைத் திறந்து பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் விடாத வெள்ளைப் புகையென்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. றேடியேற்றர்த் தண்ணீர் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஒருமுறை எங்கள் ஜீப் கிறவல் றோட்டில் பத்து நிமிடம் ஓடுவதும் இருமி இருமி நிற்பதுமாக இருந்தது. கராஜ் ஒன்றில் காட்டினோம். "அக்கா, பம்ப் போட்டுது. மாத்தத்தான் வேணும்" என்று சொல்லி அவர்கள் கேட்ட தொகை எனது இரண்டு மாதச் சம்பளம்.

"தம்பி, ஒருக்கா பொறுங்கோ. நாங்கள் பாத்துப்போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நின்றதும் டீசல் வடியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பிடியால் டீசலை மேலேற்றினால் நுரை நுரையாகக் காற்று வரும். நுரை நின்றதும் திருகை இறுக்கினால் எஞ்சின் ஓடும், பிறகு மீண்டும் நிற்கும். பம்ப் உண்மையாகவே பழுதென்றால் காற்றை எடுத்ததும் ஏன் ஓடுகிறது? எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்று விளங்கியது. மகனின் மீன்தொட்டிக்கு வாங்கிய தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் ஒரு சாண் வெட்டி, டீசல் வரும் வழியில் தற்காலிகமாகப் பொருத்தினோம். குமிழிகள் வரிசையாக ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. குழாயை ஒவ்வொரு பொருத்தாகப் பின்னுக்கு நகர்த்தினோம். தாங்கிக்கும் கைப் பம்புக்கும் இடையிலுள்ள ஒரு பொருத்தைக் கடந்ததும் குமிழி நின்றது. அந்தப் பொருத்தில் இருந்த செப்பு வளையம் தேய்ந்து தகடாகியிருந்தது. புது வளையத்தின் விலை ஒரு பாண் விலைகூட இல்லை.

மின்சாரப் பழுதுக்கும் இதே ஒழுங்குதான். சிறிய மல்ரிமீற்றர் ஒன்று போதும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். ஸ்ராட்டர் சோம்பலாகச் சுற்றினால் பலர் உடனே பற்றறியை மாற்றுவார்கள். அதற்குமுன் மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மறைத் தலையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவர் திறப்பைத் திருப்ப மற்றவர் பார்க்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பூமித் தொடுப்பு சரியில்லை. எங்களுக்கு இரண்டுக்கு மேல் காட்டியது. வண்டிக்குப் பெயின்ற் அடித்த இடத்தில், பூமி வயர் பூட்டும் இடத்துக்கும் சேர்த்துத் தடிப்பாக அடித்துவிட்டிருந்தார்கள்! சுரண்டி, மினுங்க வைத்துப் பூட்டியதும் பழைய பற்றறியே துள்ளிச் சுற்றியது.

இவ்விடத்தில் வெளியூர்ப் பெண்கள் சிலரையும் சொல்லத்தான் வேண்டும். 1950களில் பார்பரா ரோய் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி, 'பொலியானா' என்று பெயர் வைத்த லான்ட்றோவரில் தனியாக வட ஆபிரிக்கா வழியாகப் பாக்தாத் வரை போனார். ஜேர்மனியரான யூற்றா கிளைன்சிமிற் 2001இல் மிற்சுபிசி பஜேறோவில் டக்கார் பந்தயத்தை வென்றார். கார்ப் பிரிவில் அதை வென்ற ஒரே பெண் இதுவரை அவர்தான். மொறொக்கோவில் 1990 முதல் பெண்களுக்கென்றே ஒரு பாலைவனப் போட்டி நடக்கிறது. திசைகாட்டியும் வரைபடமும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆகக் குறைந்த தூரம் ஓடிச் சேர்பவருக்கே அதில் வெற்றி. வேகத்துக்குப் புள்ளியில்லை என்பதால் எனக்கு அந்தப் போட்டியில் தனி மதிப்பு.

தண்ணீரைக் கடப்பதற்கு நாங்கள் செய்த மாற்றங்கள் மூன்று. காற்று உறிஞ்சும் குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனோம். தண்ணீரை அமுக்க முடியாது. அது எஞ்சினுக்குள் போனால் பிஸ்ரன் தடியே வளைந்துவிடும். இரண்டாவது, அச்சுகளின் மூச்சுத் துளைகள். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, துளை வழியே தண்ணீரை இழுக்கும். உள்ளே ஒயில் பால்போல வெளுத்துவிடும். அத்துளைகளில் குழாய் பொருத்திப் பொனற் உயரத்துக்கு எடுத்தோம். மூன்றாவது, கிளச் கூட்டின் அடியிலுள்ள துளைக்கு ஓர் அடைப்பான். தண்ணீரில் இறங்குமுன் பூட்டி, வந்தபின் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் கசியும் ஒயில் தேங்கிக் கிளச்சைக் கெடுக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் எமது பக்கத்துக் குளங்களெல்லாம் வான் பாய்ந்தன. அயல்வீட்டு ஐயா சிறுநீரக நோயாளி. வாரத்தில் இரண்டு நாள் வவுனியாவில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது, கால்கள் வீங்கி மூச்சிரைத்தது. நானும் கணவரும் அவரையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன்.

இரண்டாவது மைலில் குளத்தின் வான் தண்ணீர் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. வீதியோரக் கற்களில் அளவு பார்த்தால் முழங்காலுக்குச் சற்று மேல் இருக்கும். "அக்கா, உங்கட ஜீப் போகும், பயப்பிடாதேங்கோ!" என்று கரையில் நின்ற பொடியன்கள் சொன்னார்கள். தேங்கி நிற்கும் தண்ணீராக இருந்தால் அந்த ஆழத்தில் போயிருக்கும். ஓடும் தண்ணீரின் கணக்கு வேறு. இரண்டடி ஓட்டம் பெரிய வாகனத்தையும் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளும். உயரக் குழாயோ மூச்சுக் குழாயோ அதைத் தடுக்காது. கீழே வீதி அரித்திருக்கிறதா என்பதும் கலங்கல் தண்ணீரில் தெரியாது. அம்மா ஒன்றும் பேசாமல் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைத் திருப்பினேன்.

காட்டோரப் பாதையால் சுற்றிப் போனோம். வழமையாக முக்கால் மணித்தியாலப் பயணம், அன்றைக்கு நாலு மணித்தியாலம். இரண்டு இடத்தில் புதைந்தது. முதலாவதில் பலகை போட்டு ஏறினோம். மற்றதில் பாலை மரமொன்றின் பட்டை வெட்டுப்படாமல் அகலப் பட்டியைச் சுற்றி, கையால் இழுக்கும் வின்ச்சைக் கொளுவி, கம்பியின்மேல் நனைந்த சாக்கைப் போட்டோம். கம்பி அறுந்தால் சாட்டைபோல வீசும், சாக்கின் பாரம் அதைக் கீழே விழுத்தும். ஐயாவையும் அம்மாவையும் எட்டத்தில் நிற்பாட்டிவிட்டுச் சாண் சாணாக இழுத்தோம். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றிரவே அவரை மெசினில் போட்டார்கள்.

இந்த வேலைக்கு இறங்க விரும்பும் சகோதரிகள் ஜீப் வாங்க வேண்டுமென்றில்லை. வீட்டு வாகனம் எதுவானாலும் அதன் கைநூலைத் தேடி எடுங்கள். ஒரு ஸ்பானர்த் தொகுதி, குறடு, திருப்புளி, மல்ரிமீற்றர், ரோச், பழைய சேலைத் துண்டுகள் போதும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே ஒருபோதும் போகக்கூடாது. உறுதியான தாங்கி வைத்து, சில்லுக்குக் கட்டை கொடுத்த பின்னரே போக வேண்டும். சேலையும் துப்பட்டாவும் விசிறிப் பட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள், பற்றறித் தலையில் பட்டால் விரல் வெந்துவிடும். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்ற வேண்டும்.

மழை விட்ட மறுநாள் அச்சு ஒயிலை இறக்கிப் பார்த்தோம், பால் நிறம் இல்லை. பிறேக் பானைகளைக் கழற்றிச் சேறு கழுவினோம். கிளச் கூட்டின் அடைப்பானைக் கழற்றியதும் நாலைந்து துளி ஒயில் விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பார்க்க வேண்டும். முன் சில்லுகளின் சுழல் மூட்டு ஒயில் சீல்களும் போய்விட்டன. சாமான்கள் வந்துவிட்டன, வருகிற ஞாயிறு அந்த வேலை. ஐயாவின் பேத்திக்குப் பதினாறு வயது. தானும் ஸ்பானர் பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.