உழவு இயந்திரமும் இயற்கையின் விதிகளும்

இடம்பெயரும் குடும்பமொன்றின் முழு உடைமையும் பல வேளைகளில் ஓர் உழவு இயந்திரப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றது. கீழே நெல் மூட்டைகள், மேலே கூரைத் தகரங்கள், அவற்றின் உச்சியில் பிள்ளைகள். இப்படியான பெட்டியொன்று குளக்கட்டு வளைவில் சரிந்ததை நாம் நேரில் கண்டோம். சாரதி புதியவரல்லர், பாதையும் அவருக்குப் பழக்கமானதே. வெறும் பெட்டியுடன் போகும் வேகத்திலேயே அன்றும் வளைவில் திருப்பினார். அதுவே பிழையாயிற்று.

ஓடும் பொருள், வேறு விசை குறுக்கிடாதவரை, நேராகவே ஓடும் என 1687ஆம் ஆண்டில் நியூற்றன் எழுதினார். பாடசாலையில் இதனைச் சடத்துவம் என்று படிக்கிறோம். சில்லுகள் திரும்பினாலும் மேலேயுள்ள பாரம் நேரே போகவே முயலும். பாரம் உயர உயர ஈர்ப்பு மையமும் உயர்ந்து, பெட்டி இலகுவில் கவிழும். எனவே பாரமானவற்றை அடியில், ஒரு பக்கம் சாயாமல் அடுக்குவோம். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்போம்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு காலைப் பிறேக்கில் வைக்கும் ஒரு செக்கனுக்குள் வண்டி ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். பிறேக் பிடித்தபின் ஓடும் தூரமோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். மழையில் நனைந்த களிமண் பாதையில் உராய்வு குறைவதால் அது இன்னும் நீளும்.

பிறேக் இல்லாத பெட்டி இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளி, இயந்திரத்தைக் குறுக்கே மடக்கிவிடும். ஆகவே இறக்கம் தொடங்குமுன் குறைந்த கியருக்கு மாற்றவேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூற்றலில் விடுபவர் உயிரைப் பணயம் வைக்கிறார். பெரிய இயந்திரத்தின் இரு பிறேக் மிதிகளும் வயலில் திருப்புவதற்காகவே பிரிக்கப்பட்டுள்ளன. தெருவில் ஏறுமுன் அவற்றை இணைத்துப் பூட்டவேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அப்பக்கம் சுழன்றுவிடும்.

லாண்ட்மாஸ்டர் ஓட்டுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சமதரையில் இடது கைக்கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ வலப்பக்கம் திரும்பும். அங்கே பாரம் வண்டியைத் தள்ள, எஞ்சின்தான் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. இடது சில்லை விடுவித்ததும் அது வேகமாக உருளும். ஆகவே இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்புங்கள்.

பாரத்தை இரண்டு தடவையாக ஏற்றினால் டீசல் கூடச் செலவாகும் என்பதை நாம் அறிவோம். இரண்டாம் தடவைக்கு நேரமில்லாத நாட்களும் உண்டு. அந்நாளில் தகரத்தையோ தளபாடத்தையோ விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பெட்டியின் தரையில் இருத்தி, நடை வேகத்தில் செல்வோம். விட்டுவந்த தகரத்தைப் பின்னர் தேடிக்கொள்ளலாம்.