கொத்தி எருப்போடும் கல்வி

மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னார் தோட்டத்தின் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்டார். சுற்றிலும் கொத்தி எருப்போடும் பொறுப்பையும் தாமே ஏற்றார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலுள்ள இவ்வுவமையை மனமாற்றத்திற்கான அழைப்பாக நாம் விளக்குகிறோம். அது முற்றிலும் சரியே. ஆயினும் அத்தோட்டக்காரர் தம் தொழிலை அறிந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும். இரக்கம் மட்டும் இருந்து, வேருக்கு வேண்டியது இன்னதென்ற அறிவு இல்லாதிருந்தால் அந்த ஓராண்டும் வீணே கழிந்திருக்கும்.

நம் விழாக்களில் மரக்கன்றுகளை மகிழ்வோடு வழங்குகிறோம். ஆனால் அவற்றைப் பேணும் முறையைச் சொல்லித் தருகிறோமா? ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே கோடை கடுமையானது, தண்ணீரோ அருமையானது. தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தறி ஓடாத நாளில் குறைவது முதலில் குழந்தைகளின் தட்டிலுள்ள காய்கறியே. வீட்டருகே நிற்கும் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் அக்குடும்பங்களுக்கு அழகுப் பொருள்களல்ல, உணவு.

செய்து காட்டிக் கற்பிக்கும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி, நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஏற்றது. நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கான நிலையம் திரூரில் உள்ளது.

இத்தகைய வகுப்புகளில் கற்பவை எளியவை. ஆனால் பயன் மிக்கவை. தொட்டிச் செடி வாடியதும் நீரூற்றுவது நம் இயல்பு. நீர் மிகுந்து வேர் அழுகினாலும் செடி வாடும். ஆகவே முதலில் விரலை மண்ணில் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஈரமிருந்தால் நீர் வேண்டாம். ஒட்டு மாங்கன்றை நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் தளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் அவை ஓங்கி வளர்ந்து, நாம் விரும்பிய கிளையை நலியச் செய்யும். பப்பாளியில் ஆண், பெண் எனத் தனித்தனி மரங்களுள்ள வகைகள் உண்டு. அவற்றில் ஒரே கன்றை நட்டு, அது ஆணாகிவிட்டால் காய்க்குக் காத்திருந்து பயனில்லை. குழிக்குச் சில கன்றுகள் நட்டு, பூத்தபின் வேண்டாதவற்றை நீக்குவதே முறை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அளித்த பி.கே.எம்.1 முருங்கையை விதையிட்டே வளர்க்கலாம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பூச்சி தாக்கினால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

இவற்றைப் படித்தறிவதைவிடக் கூடிக் கற்பதே சிறந்தது. வகுப்பில் ஒருவர் செடிக்கு வந்த நோய் அனைவருக்கும் பாடமாகிறது. எழுத்தறியாத பாட்டியின் பட்டறிவும் அங்கே மதிப்புப் பெறுகிறது. விதையும் பதியனும் வீட்டுக்கு வீடு கைமாறும்போது, சாதியும் சமயமும் எழுப்பிய வேலிகள் சற்றே தாழ்கின்றன.

ஆகவே பங்கு மக்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஆலய வளாகத்தின் ஒரு மூலையை நாற்றங்காலாக்குவோம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ திரூர் நிலையத்தாரையோ அழைப்போம். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். அண்டை வீட்டுப் பிற சமயத்தாரையும் உடன் அழைப்போம். கன்று வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் அடுத்த வகுப்பில் அதன் நலத்தைச் சொல்லட்டும்.

படைப்பு நம் பொது இல்லம் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் நினைவூட்டினார். இல்லத்தைக் காக்கும் கடமை வாசலிலுள்ள ஒரு செடியிலிருந்து தொடங்கலாம். இந்த ஆண்டும் நமக்குத் தரப்பட்ட தவணையே. மண்வெட்டியைக் கையில் எடுப்போம்.